சாப்பாட்டுக்கு முன் ஒரு கப்பல் வார்த்தை

பட்டுவுக்கு நாலு பாஷை தெரியும். தமிழ் பிறந்த வீட்டுச் சொத்து. தெலுங்கு, அல்வாலுக்குக் குடிவந்த புதிதில் காய்கறி வண்டிக்காரியோடு மல்லுக்கட்டி வந்தது. வேண்டாமென்று ஆட்டோக்காரனிடம் 'நக்கோ பய்யா' என்றும், ஏன் லேட்டென்று பால்காரனிடம் 'கைக்கு?' என்றும் அதட்டுகிற அளவுக்கு இந்த ஊர் உருதும் தானாக ஒட்டிக்கொண்டது. கன்னடம் எதிர்வீட்டு மாமியின் உபயம். இவ்வளவும் தெரிந்தவளை வீட்டில் மக்கு என்றார்கள். இங்கிலீஷ் வராதவள் மக்கு இல்லாமல் வேறென்ன?

அப்படிச் சொன்னவர் அவள் புருஷன் உமாசங்கர். ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நல்ல உத்தியோகம். கப்பலில் பொருத்துகிற ஏதோ கருவியைச் சோதித்துப் பார்க்க அவ்வப்போது விசாகப்பட்டினம் போய்வருவார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கடற்படைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். போன நேரம் முழுக்க மனிதர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார் என்பது அந்தச் சட்டையைத் துவைத்த பட்டுவுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் கடல் கண்ட மனிதர். அன்று முதல் வீட்டில் மொட்டைமாடி 'டெக்' ஆயிற்று, படுக்கையறை 'கேபின்' ஆயிற்று. ஹுசேன் சாகர் ஏரியைத் தாண்டி வேறு தண்ணீர் பார்க்காத குடும்பத்தில் இந்தக் கூத்து.

அதோடு போயிருந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று ஒரு வழக்கத்தை வேறு கொண்டுவந்தார். எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். பட்டுவும்தான். "நம்மாத்துல எல்லாரும் ஈக்வல்" என்பார், பெருமை பொங்க. பரிமாறின தட்டுகள் ஆவி பறக்க முன்னால் இருக்கும், யாரும் கை வைக்கக் கூடாது. அவர் ஒரு இங்கிலீஷ் வார்த்தை போடுவார், பெரும்பாலும் கப்பல் வார்த்தையாக. அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டும், அதே அர்த்தமுள்ள வேறு வார்த்தைகளையும் சொல்ல வேண்டும். சொன்னவர் சாப்பிடலாம். சொல்லாதவரைப் பார்த்து உமாசங்கர், கை தட்டுகிற வேகத்தில், "நெக்ஸ்ட்!" என்பார். தோற்றவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய், மற்றவர்கள் முடித்த பிறகு சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிட வேண்டும்.

குழந்தைகள் சாய்கிருஷ்ணாவும் நித்யஸ்ரீயும் தோற்றதே இல்லை. எப்படித் தோற்பார்கள்? காலையில் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் விடும்போதே அன்றைய வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துவிடுவாரே! பட்டுவிடம் மட்டும் சொல்ல மாட்டார். அவள் வந்து உட்கார்வாள், விழிப்பாள், எழுந்து போவாள். ஆறின சாதத்தை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, நின்றபடி விழுங்குவாள். 'உட்காரவே சொல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்று அவள் நினைக்காத நாள் கிடையாது. உட்கார வைத்து எழுப்புவதில்தான் அந்த மனிதருக்கு ருசி இருந்தது.

ஒரு நாள் அவருடைய மேலதிகாரி நாராயணஸ்வாமி மனைவியோடு சாப்பிட வந்திருந்தார். பட்டு பருப்புசிலியும் மோர்க்குழம்பும் பண்ணியிருந்தாள். விருந்தாளி வந்திருக்கிற அன்றைக்காவது இந்தக் கழுத்தறுப்பை விட்டுவிடுவார் என்று நம்பினாள், பாவம். உமாசங்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்னிக்கு வேர்ட், ஜெட்டிசன்" என்றார். முதலில் பட்டுவைத்தான் பார்த்தார்.

"என்னடி முழிக்கறே? சொல்லு."

அவள் ரசக் கரண்டியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நெக்ஸ்ட்!"

ஒன்பது வயது சாய்கிருஷ்ணா எழுந்து நின்று பொரிந்து தள்ளினான். புயலில் மாட்டின கப்பல் முழுகாமல் இருக்கப் பாரத்தைக் கடலில் எறிவது. உபயோகமில்லாததைக் கைகழுவுவது. டிஸ்கார்ட், டம்ப், ஸ்க்ராப், அபாண்டன், த்ரோ ஓவர்போர்ட். நாராயணஸ்வாமி "பலே, பலே!" என்றார். அதில் உமாசங்கருக்குத் தலைகால் புரியவில்லை.

"சரி, அப்ளை பண்ணிப் பார்க்கலாம். நம்மாம்தான் கப்பல், நான் கேப்டன். புயல் வந்துடுத்து, பாரம் தாங்கலை. யாரை ஜெட்டிசன் பண்ணலாம், சொல்லு?"

பையன் யோசிக்கக்கூட இல்லை. "அம்மாவை."

"ஏன்?"

"அம்மாவுக்குத்தான் ஒரு வேர்டும் தெரியாதே."

வீடே சிரிப்பில் அதிர்ந்தது. நாராயணஸ்வாமிக்குப் புரையேறிவிட்டது. அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். உமாசங்கர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லெட்டை எடுத்து, "லாஜிக் கரெக்ட்" என்று மகன் கையில் வைத்தார். பட்டுவும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்துவைப்போம் என்று சிரித்த அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவளால் ஜீரணிக்கவே முடியவில்லை.

விருந்தாளிகள் போன பிறகு, "குழந்தேள்கிட்ட அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்னா" என்று மெதுவாகச் சொன்னாள்.

"உனக்கு ஹ்யூமர் சென்ஸே கிடையாதுடி" என்று அவர் விளக்கை அணைத்தார்.

'தப்புதான் பட்டு' என்று ஒரு வார்த்தை. கப்பல் வார்த்தை இல்லை, சாதாரணத் தமிழ் வார்த்தை. அது அவர் வாயிலிருந்து வரும் வரும் என்று அவள் எத்தனையோ வருஷம் காத்திருந்தாள். வரவில்லை.

சாய்கிருஷ்ணா படித்துக் கனடா போனான். நித்யஸ்ரீ குகட்பள்ளியில் வாழ்க்கைப்பட்டாள். உமாசங்கர் ஓய்வு பெற்றார். மேஜையில் மிச்சம் இரண்டே பேர், வழக்கம் மட்டும் நிற்கவில்லை. வார்த்தையைப் போடுவார், அவள் விழிப்பாள், "நெக்ஸ்ட்!" என்பார். அடுத்து யார் இருக்கிறார்கள்? அவரேதான். தானே கேட்டுத் தானே பதில் சொல்லி, தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுவார். பட்டு சமையலறையில் நின்றுகொண்டிருப்பாள். அட, யாருமே இல்லாத வீட்டில் நானும் இங்கேயே சாப்பிடுகிறேனே என்று ஒரு தடவை எதிர்த்துக் கேட்கக் கூடாதா? அவளுக்கு அது தோன்றவே இல்லை. பழகிப்போய்விட்டது.

அப்புறம் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் குளியலறையில் சரிந்தார். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. அத்தனை டிக்‌ஷனரியையும் கரைத்துக் குடித்த வாயில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

"நெக்ஸ்ட்."

தண்ணீர் வேண்டுமென்றாலும் நெக்ஸ்ட். வலிக்கிறது என்றாலும் நெக்ஸ்ட். மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, இவர் கண்ணிலும் நீர் வழிய, வாய் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்றது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஸ்ரீஜா என்று ஒரு தெலுங்குப் பெண் வீட்டுக்கு வந்தாள். அவள் பட்டுவுக்குத் தெலுங்கில் பொறுமையாக விளக்கினாள். "ஆன்ட்டி, அங்கிளுக்கு நாம் பேசுவது எல்லாம் புரிகிறது. பழைய ஞாபகமும் அப்படியே இருக்கிறது. வார்த்தைதான் வெளியே வர மாட்டேன் என்கிறது. சதா சொல்லிப் பழகின வார்த்தை மட்டும் இப்படித் தானாக வந்து விழும். அவர் கையைக் காட்டினதும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சாப்பாட்டை முன்னால் வைத்து, அதன் பேரைக் கேளுங்கள், கொஞ்சம் பொறுங்கள். ஏதாவது ஒரு சத்தம் முயற்சி பண்ணினால் போதும், உடனே கொடுத்துவிடுங்கள்."

முதலில் பட்டு அப்படியேதான் செய்தாள். கிண்ணத்தைக் காட்டி, "இது என்னன்னா? சா... தம்... சொல்லுங்கோ" என்பாள். அவர் உதட்டைக் கோணி முக்குவார். முக்கினதுமே ஊட்டிவிடுவாள். மனசு கேட்காது. சில சமயம் அவர் முக்குவதற்கு முன்பேகூட ஊட்டியிருக்கிறாள்.

ஒரு சாயங்காலம் அவளுக்கு ஜுரம். ஸ்பூனிலிருந்த ரசம் சாதம் அவர் மார்பில் கொட்டிவிட்டது. துடைக்கத் துணி தேடித் தடுமாறினாள். அப்போது உமாசங்கர் அவளைப் பார்த்து, அதே குரலில், அதே வேகத்தில், "நெக்ஸ்ட்!" என்றார்.

சுட்டிருக்கும். அல்லது, பரவாயில்லை என்று சொல்ல நினைத்திருப்பார். அவரிடம் வேறு வார்த்தை கிடையாது என்பது பட்டுவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் துணி தேடுவதை விட்டாள். கிண்ணத்தைக் கொண்டுபோய் அவர் எதிரில், கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள். தன் தட்டை எடுத்துவந்து, சூடாகச் சாதம் போட்டுக்கொண்டு, அந்த வழக்கம் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்த மேஜையில் நிதானமாக உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து, ஆறிப்போனதை அவருக்கு ஊட்டினாள். அன்றைக்கு ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். 'இப்படியும் ஒருத்தி இருப்பாளா, சீ!' என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

மறுநாள் ஜுரம் விட்டுவிட்டது. ஆனாலும் கிண்ணத்தை அதே இடத்தில்தான் வைத்தாள்.

அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. ஸ்ரீஜா சொன்னதில் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டாள், பின் பாதியைக் காற்றில் விட்டாள். முயற்சி போதாது, வார்த்தை முழுசாக வர வேண்டும். அதுவும் சாதம், தண்ணி என்கிற வார்த்தைகள் இல்லை. சக்கர நாற்காலியை மேஜையோடு ஒட்டிப் போட்டுவிட்டுக் கேட்பாள்:

"ஜெட்டிசன்னா என்னன்னா? அர்த்தம் சொல்லுங்கோ."

அந்த ஒரு வார்த்தை அவளுக்கு மறந்ததே இல்லை. அதற்குண்டான மற்ற வார்த்தைகளும் வரிசையாகத் தெரியும். அன்றைக்குப் பையன் ஒப்பித்தபோதே மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டன. உமாசங்கருக்குப் புரிந்தது. ஒவ்வொரு நாளும் முகம் வெளிறும். வாய் கோணும், எச்சில் வழியும், கழுத்து நரம்பு புடைக்கும். கடைசியில் "நெக்ஸ்ட்" என்று வந்து விழும்.

"நெக்ஸ்டா? சரி" என்று பட்டு தன் தட்டில் பரிமாறிக்கொள்வாள்.

பட்டினி போட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் சமைத்தாள், வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட்டாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சாப்பாடு மட்டும் அவள் சாப்பிட்ட பிறகுதான், ஆறின பிறகுதான். கோபம் இருந்ததா என்றால் அது என்றோ தீர்ந்துவிட்டது. இப்போது ருசி. உப்பு, புளி, காரம் எல்லாம் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் அவளுக்குச் சரியாக இருந்தது. மனிதர் எலும்பும் தோலுமாக இளைத்தார். வியாதி, பாவம் என்றார்கள்.

நடுவில் பட்டுவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அது ஆறுகிற வரைக்கும் உமாசங்கரை நாச்சாரம் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டார்கள். அங்கே தேவசகாயம் என்ற ஆள் அவரைப் பார்த்துக்கொண்டார். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர், வாய் நிறையப் பேசுவார். உமாசங்கர் நெக்ஸ்ட் என்றால், "இதோ வந்துட்டேன் சார்! அடுத்த வாய்தானே? ஆ காட்டுங்க, ரயில் வருது" என்று சுடச்சுட ஊட்டுவார். அவருக்கு நெக்ஸ்ட் என்றால் அடுத்த கவளம், அவ்வளவுதான். உமாசங்கர் கன்னத்தில் சதை போட்டது. தேவசகாயத்தைக் கண்டால் ஒருபக்க வாயால் சிரிக்கக்கூடப் பழகியிருந்தார்.

கூட்டிவர பட்டுவும் நித்யஸ்ரீயும் போனார்கள். பட்டுவைப் பார்த்ததும் உமாசங்கர் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"டாடிக்கு கன்ஃப்யூஷன். பழகின இடம்னு நினைச்சுண்டுட்டார்" என்றாள் நித்யஸ்ரீ.

தேவசகாயம் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "நல்லா சாப்பிடுறாரும்மா. ஒண்ணும் கேக்காம ஊட்டிவிட்டீங்கன்னா போதும், குழந்தை மாதிரி" என்றார். அந்த மனிதருக்கு என்ன தெரிந்ததோ! பட்டு வண்டியில் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் கிண்ணம் பழைய இடத்துக்கு வந்தது.

இப்படி இருக்கும்போது சாய்கிருஷ்ணா கனடாவிலிருந்து வந்தான். அப்பாவின் உடம்பைப் பார்த்தான், அம்மாவின் இடுப்பு வலியைப் பார்த்தான், தங்கையோடு கலந்து பேசி, அவளையும் கூட்டிக்கொண்டு ஒரு முடிவோடு வந்து ஹாலில் உட்கார்ந்தான்.

"அம்மா, டாடியை அந்த நாச்சாரம் இல்லத்துலயே பர்மனென்ட்டா சேர்த்துடலாம். பெட் இருக்காம், நாளைக்கே தேவசகாயம் வண்டியோட வர்றேங்கறார். நீ நித்யாவோட இருக்கலாம், இல்லேன்னா என்னோட வா. உன்னால இனிமே முடியாதும்மா. ஆனா நீ சரின்னாதான்."

பட்டு திரும்பி உமாசங்கரைப் பார்த்தாள். நாற்காலியில் சரிந்து கிடந்தவர் நிமிர்ந்திருந்தார். கண் இரண்டும் விளக்குப் போட்ட மாதிரி இருந்தன. போக வேண்டும் என்று அந்த முகம் கெஞ்சிற்று. அவள் ஒரு 'சரி' சொன்னால் போதும், நாளைக்கு இந்நேரம் அந்த வாயில் சூடான கவளம் விழும்.

"சாப்டுட்டுப் பேசலாம்" என்றாள்.

வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், சேப்பங்கிழங்கு ரோஸ்ட். எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கை வைக்கப் போன பிள்ளைகளை பட்டு தடுத்தாள்.

"இருங்கோ. உங்கப்பா வழக்கம். வார்த்தை சொல்லிட்டுதான் சாப்பாடு."

"அய்யோ, அம்மா! நீயா?" என்று நித்யஸ்ரீ கை தட்டிச் சிரித்தாள். சாய்கிருஷ்ணாவுக்குச் சிறு வயது திரும்பின சந்தோஷம். அவர்களுக்கு அது இனிப்பான ஞாபகம். இருக்காதா பின்னே? அவர்கள்தான் ஒரு நாளும் நின்றுகொண்டு சாப்பிடவில்லையே.

"ஜெட்டிசன்" என்றாள் பட்டு.

அவன் மூச்சு விடாமல் ஒப்பித்தான். டிஸ்கார்ட், டம்ப், ஸ்க்ராப், அபாண்டன், த்ரோ ஓவர்போர்ட். ஒன்றுகூட மறக்கவில்லை.

"நம்மாம்தான் கப்பல். புயல் வந்துடுத்து. யாரைத் தூக்கிப் போடலாம்?"

"என்னம்மா இது, டெரிபிள் கொஸ்டின்!" என்று சிரித்தான். அவனுக்கு வார்த்தைகள் மறக்கவில்லை, தான் சொன்ன பதில் மறந்துவிட்டது. தின்ற சாக்லெட்டும் மறந்துவிட்டது. மேஜையில் அதை மறக்காதவர்கள் இரண்டு பேர்தான்.

அப்போதுதான் அது நடந்தது. உமாசங்கரின் கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை எழுந்து மேஜை விளிம்பைப் பற்றியது. வாய் கோணிற்று, மூடிற்று, திறந்தது.

"ஜெ... ஜெ... ஜெட்டி... சன்."

சொல்லிவிட்டு, அந்தக் கையால் தன் மார்பிலேயே அடித்துக்கொண்டார். மறுபடியும் அடித்துக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் கையை நீட்டினார். என்னைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். என்னை. நாளைக்கே.

அடுத்த கணம், "டாடி பேசிட்டார்!" என்று நித்யஸ்ரீ கத்தினாள். சாய்கிருஷ்ணா எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு கேவிக் கேவி அழுதான். உடனே ஸ்ரீஜாவுக்கு வீடியோ கால் போட்டார்கள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு கஷ்டமான வார்த்தையா, இவ்வளவு தெளிவாகவா, இதெல்லாம் ஆன்ட்டி விடாமல் கொடுத்த பயிற்சி என்றாள். "இந்த நேரத்தில் இடத்தை மாற்றாதீர்கள் சார். வீட்டில் எப்படி நடக்கிறதோ, அப்படியே நடக்கட்டும்."

"அவ்ளோதான், இல்லம் கேன்சல்" என்றான் சாய்கிருஷ்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்மா, யூ ஆர் கிரேட். நாங்க உன்னை ஒண்ணும் தெரியாதவன்னு நினைச்சுண்டு இருந்துட்டோம்." குனிந்து அவள் காலைத் தொட்டான்.

உமாசங்கர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வாசலைக் காட்டினார், மார்பைக் காட்டினார். வந்த வார்த்தை மறுபடி வரவில்லை. "நெக்ஸ்ட்! நெக்ஸ்ட்! நெக்ஸ்ட்!"

"என்னம்மா சொல்றார்?" என்றாள் நித்யஸ்ரீ.

அவர் பட்டுவைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் பேச்சு முழுசாகப் புரிகிற ஒரே ஆள் அவள்தான் என்பது அவருக்குத் தெரியும். ஜன்ம ஜன்மத்துக்கும் சேர்த்து அந்த ஒரு பார்வையில் மன்னிப்புக் கேட்டார். இத்தனை வருஷம் அவள் காத்திருந்தது இதற்குத்தான். வந்துவிட்டது. அது அவள் தொண்டை வரைக்கும் வந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் உள்ளே போய்ச் சேர இடம் இல்லை. அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்து, நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்திருந்தது.

"எங்கயும் போக மாட்டாராம்" என்றாள் பட்டு. "என்னோடதான் இருப்பாராம்."

சாய்கிருஷ்ணா கனடாவுக்குத் திரும்பின அன்று சாயங்காலம் பட்டு விளக்கேற்றினாள், சமைத்தாள், நாற்காலியை மேஜையோடு ஒட்டித் தள்ளினாள். கிண்ணத்தை எட்டாத தூரத்தில் வைத்தாள்.

"அன்னிக்கு வார்த்தையைத்தான் சொன்னேள். அர்த்தம் சொல்லலியே" என்றாள். "சொல்லுங்கோ."

உமாசங்கர் வாயைத் திறக்கவில்லை. நெக்ஸ்ட் என்றுகூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு பட்டு தனக்குப் பரிமாறிக்கொண்டாள். சாதம் நல்ல சூடாக இருந்தது.